அத்தை சொன்ன நாலு மணி

மருந்துக்கடைப் பையன் ஆம்பியூல்களை எண்ணித் தட்டில் வைத்து, "எடராவோன் ஆறு, சிட்டிகோலின் ஆறு, சரிபாத்துக்குங்க அக்கா" என்றான். நான் சரிபார்க்காமலே பணத்தைக் கட்டிவிட்டு மாடி ஏறினேன். அந்த இரண்டு பெயரும் எனக்குப் பழைய பழக்கம். எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்த கையோடு ஒரு லேபில் மூன்று வருஷம் புராஜெக்ட் வேலையில் இருந்தேன், அங்கே என் வேலையே நியூரான்களை, அதாவது மூளையின் நரம்புச் செல்களைச் சாகடிப்பதுதான். சாகடிப்பது, அப்புறம் எதைச் சேர்த்தால் கொஞ்சம் குறைவாகச் சாகிறது என்று எண்ணுவது. அப்படிச் சேர்த்துப் பார்த்தவற்றில் எடராவோனும் ஒன்று. செல் வளர்க்கும் தட்டில் பிரமாதமாக வேலை செய்தது. தட்டில் என்னதான் வேலை செய்யாது?

வார்டில் மாமா, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து ஸ்ட்ரோக் வந்தவர், வலது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அது வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருந்தது. அத்தை பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுதான் மூளைக்கு பவர் ஊசியா பாப்பா?" என்று கேட்டார்கள். "ஆமா அத்தை" என்றேன். அந்த "ஆமா" ஏழு மாதமாக நெஞ்சில் முள்ளாக இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் லேப் கதை. பிறக்காத எலிக்குட்டிகளின் மூளைப் புறணியிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்ப்போம். நாற்றங்கால் வேலை மாதிரிதான், முதல் நாள் வெறும் புள்ளிகள், மூன்றாம் நாள் வேர் விட்டதுபோல நீட்டங்கள், பத்து நாளில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தாங்களாகவே பேச ஆரம்பித்துவிடும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நியூரான்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் ரசாயனம் குளூட்டமேட், அதை நாலைந்து நாள் வயதான நியூரான்மேல் ஊற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்தச் சேதியைக் கேட்கும் காது அதற்கு இன்னும் முளைத்திருக்காது. பன்னிரண்டு, பதினாலு நாள் ஆனதில் ஊற்றினால்தான் சாகும். பேசக் கற்றுக்கொண்ட பிறகுதான் பேச்சு கொல்லும். இது தெரியாமல் முதல் தடவை அவசரப்பட்டு ஆறாம் நாளே போட்டுவிட்டு, மருந்து பழசாகிவிட்டது என்று நினைத்து ஒரு பாட்டில் குளூட்டமேட்டைத் தூக்கி எறிந்திருக்கிறேன்.

கால்சியம் பட்டால் பச்சையாக ஒளிரும் சாயத்தை நியூரான்களுக்குள் ஏற்றி, இருட்டறையில் மைக்ரோஸ்கோப் அடியில் வைத்து, பிப்பெட்டால் ஓரத்தில் ஒரு துளி குளூட்டமேட் விடுவோம். சில வினாடிதான், ஊர் முழுக்கக் கரண்ட் வந்த மாதிரி அத்தனையும் ஒரே நேரத்தில் பச்சையாக எரியும். அப்புறம் மெல்ல அடங்கும். சரி, தப்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தால், இருபது முப்பது நிமிஷம் கழித்து, ஓரத்தில் ஒன்று மறுபடி பச்சையாகும், இது அடங்காது. அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. இதற்குள் குளூட்டமேட்டைக் கழுவி எடுத்துப் புது மீடியமும் ஊற்றியாகியிருக்கும். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், நேற்று வரை நூல் மாதிரி நீண்டு கிடந்தவை பாசிமணி கோத்ததுபோல முடிச்சு முடிச்சாகக் கிடக்கும். டென்னிஸ் சோய் என்பவர் 1987லேயே காட்டியது இது: ஐந்து நிமிஷம் குளூட்டமேட் பட்டால் போதும், மீதியை அடுத்த ஒரு நாளில் செல் தானே செய்துகொள்ளும்.

குளூட்டமேட் என்றவுடன் அஜினோமோட்டோ ஞாபகம் வந்தால், ஆமாம், அதேதான். 1969இல் அமெரிக்காவில் ஜான் ஆல்னி குட்டி எலிகளுக்கு மோனோசோடியம் குளூட்டமேட் ஊசி போட்டு, மூளையில் செல்கள் செத்துக் கிடப்பதைப் பார்த்துத்தான், அளவுக்கு மீறித் தூண்டினாலே நியூரான் சாகும் என்ற கருத்துக்குப் பெயர் வைத்தார். உடனே ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டால் வாதம் வரும் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டில் இருக்கிற குளூட்டமேட் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டி உள்ளே அவ்வளவாகப் போகாது. மூளைக்குத் தேவையானதை அதுவே உள்ளே செய்து வைத்திருக்கிறது, அதுவும் மூட்டை மூட்டையாக. நீங்கள் இந்த வரியைப் படிப்பது, அடுத்த வரியில் இதை ஞாபகம் வைத்திருப்பது, எல்லாம் அதன் உபயம்தான்.

அது எப்படிக் கொல்லியாக மாறுகிறது என்பதுதான் விஷயம். நியூரான் மேல் என்எம்டிஏ என்று ஒரு ரிசப்டர், அதாவது ரசாயனச் சேதியை வாங்கும் வாசல், இருக்கிறது. அதை பேங்க் லாக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சாவியால் திறக்காது. குளூட்டமேட் வந்து உட்கார வேண்டும், அதே நேரத்தில் செல்லும் ஏற்கெனவே கொஞ்சம் தூண்டப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் வாசலை அடைத்துக்கொண்டிருக்கும் மெக்னீசியம் அயனி விலகி, கால்சியம் உள்ளே வரும். செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப்போலக் கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு. அணைக்கட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாதிரி. சாதாரண நாளில் சொட்டுச் சொட்டாக உள்ளே வரும் கால்சியம்தான் "இதை ஞாபகம் வைத்துக்கொள்" என்கிற சேதி.

அணைக்கட்டு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மாமா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் மதகு ஷட்டரை ஏற்றி இறக்கிய கை அது. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தால் எங்கள் பக்கம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாளாகும், நடுவில் எவன் எங்கே மடையை வெட்டுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், பேச்சு கொஞ்சம் தெளிந்ததும், "என்னாச்சு பாப்பா எனக்கு, விவரமாச் சொல்லு" என்று கேட்டார். நான் வாய்க்கால் பாஷையிலேயே சொன்னேன்.

மூளை உடம்பு எடையில் இரண்டு சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் இருபது சதவீதம் அதற்குப் போகிறது. சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது, அன்றாடம் வந்தால்தான் அன்றாடச் செலவு. நூறு கிராம் மூளைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் ஓடவேண்டும். அது 20க்குக் கீழே போனால் நியூரான் பேச்சை நிறுத்திவிடும், ஆனால் உயிரோடு இருக்கும். 10க்குக் கீழே போனால் செத்துவிடும். அடைப்பு வந்த இடத்துக்கு நேர் கீழே இருப்பது சில நிமிஷங்களில் போய்விடுகிறது. அதைச் சுற்றி, பக்கத்துக் குழாய்களிலிருந்து கசியும் ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு, வாயடைத்துப்போய்க் கிடக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. 1981இல் ஆஸ்ட்ரப், சீஷோ, சைமன் மூன்று பேரும் அதற்கு பெனம்ப்ரா என்று பெயர் வைத்தார்கள், கிரகணப் பாடத்தில் படித்திருப்போமே, புறநிழல், அதுதான். மாமாவுக்கு நான் வைத்த பெயர் கடைமடை.

"கடைமடை காஞ்சாலும் பயிரு ஒரே நாள்ல சாவாதுல்ல" என்றார். சாகாதுதான், ஆனால் இங்கே கணக்கு மணியில். ஜெஃப்ரி சேவர் என்ற நரம்பியல் டாக்டர் 2006இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: பெரிய குழாய் அடைத்த ஸ்ட்ரோக்கில், சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் 19 லட்சம் நியூரான்கள். மாமாவுக்கு அடைத்தது பெரிய குழாய் இல்லை, உள்ளே போகும் சின்னக் கிளை, அதனால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நானும் அன்றைக்கு அவரிடம் அந்த எண்ணைச் சொல்லவில்லை.

ரத்தம் நின்றதும் சக்தி தீர்கிறது. சக்தி தீர்ந்தால் சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டிருக்கும் பம்ப் நிற்கிறது. பம்ப் நின்றால் செல் தானாகவே தூண்டப்பட்ட நிலைக்கு வந்துவிடும், அதாவது லாக்கரின் ஒரு சாவி ஏற்கெனவே திருகியாகிவிட்டது. அதே காரணத்தால் ஒவ்வொரு நியூரானும் மூட்டை கட்டி வைத்திருந்த குளூட்டமேட்டை வெளியே கொட்டுகிறது. சிந்தியதைப் பொறுக்கி எடுக்க வேண்டிய பக்கத்துச் செல்களின் பம்ப்பும் சக்தியில்லாமல் தலைகீழாக ஓடி, உள்ளே இருந்ததையும் வெளியே தள்ளுகிறது. இரண்டாவது சாவியும் ரெடி. சொட்டுச் சொட்டாக வரவேண்டிய கால்சியம் மடை உடைந்து வருகிறது. உள்ளே, கால்சியத்தின் உத்தரவுக்காகக் காத்திருக்கும் என்சைம்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துகொள்கின்றன. கால்பெய்ன் செல்லின் எலும்புக்கூட்டை நறுக்குகிறது, அந்தப் பாசிமணி முடிச்சு ஞாபகம் இருக்கிறதா. இன்னொரு என்சைம் நைட்ரிக் ஆக்சைடைச் செய்து தள்ள, அது சூப்பர் ஆக்சைடோடு சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் என்ற அரக்கனாகிறது. மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை விழுங்கி விழுங்கி வயிறு வெடித்து சைட்டோகுரோம் சி யை வெளியே விட, அது தற்கொலை என்சைம்களுக்குச் சேதியாகிறது. அடைப்பு எடுபட்டு ரத்தம் திரும்பி வந்தாலும் பிரச்சினை, வரும் ஆக்ஸிஜனே விஷமாகும். இந்த இடத்தில் மாமா குறுக்கிட்டு, "காஞ்சு வெடிச்ச வாய்க்கால்ல ஒரேயடியாத் திறந்தா கரை உடைச்சுக்கும்" என்றார். நான் மூன்று வருஷம் படித்த ரீபர்ஃப்யூஷன் டேமேஜை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

சரி, அன்றைக்குக் காலையில் நடந்தது. ஐந்தரை மணிக்கு எழுந்து சட்டை போட்டவருக்குப் பித்தான் போட வரவில்லை. இரண்டாவது பித்தானைப் பிடித்துக்கொண்டு துளையைத் தேடிக்கொண்டே நின்றாராம். கை மரத்துப்போய்விட்டது, ராத்திரி கையை மடக்கிப் படுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லும் கொஞ்சம் குழறியிருக்கிறது, பல்லைக் கழற்றி வைத்திருந்ததால் அத்தைக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. தேய்த்துவிட்டார்கள். காபி கொடுத்தார்கள். ஏழு மணிக்கு வாய் கோணியபோதுதான் வீடு கலைந்தது. 108க்கு அடிக்காமல், பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு சின்ன கிளினிக்குக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அங்கே பிரஷர் 190 என்று ஒரு ஊசி, ஒரு டிரிப், "கொஞ்ச நேரம் பாப்போம்". பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இதற்குள் புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று பெரியப்பா முறை ஒருவர் புறாவுக்கு ஆளை அனுப்பியிருக்கிறார். எனக்குப் போன் வந்து, நான் கத்தி, கார் கிளம்பியபோது எட்டேகால். தஞ்சாவூரில் எமர்ஜென்சி வாசலில் இறக்கியபோது ஒன்பது இருபது. புறா பிழைத்தது.

ட்யூட்டி டாக்டர் சின்னப் பெண், முதல் கேள்வியே "கடைசியா இவர் நல்லா இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பாத்தீங்க?" என்பதுதான். எப்போது எழுந்தார் என்பது கணக்கில்லை. தூக்கத்தில் எப்போது அடைத்தது என்று யாருக்குத் தெரியும், அதனால் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கடிகாரம் ஓடும். குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அத்தை யோசித்தார்கள். "விடியக்காலம் எழுந்து கொல்லைக்குப் போயிட்டு வந்தாங்க. தண்ணி குடிச்சாங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, துணி எடுத்தியான்னு கேட்டாங்க. தெளிவாத்தான் கேட்டாங்க." எத்தனை மணி? "நாலு இருக்கும்." நாலு என்றால் எட்டரையோடு முடிந்தது. டாக்டர் எழுதிக்கொண்டார். அப்போது அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, பால்வண்டிச் சத்தம் கேட்டுச்சு, அஞ்சுகூட இருக்கலாம்" என்றார்கள். ஐந்து என்றால் ஒன்பதரை வரை நேரம் இருந்தது. அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, இருக்கலாம்னு சொல்லி இந்த ஊசி போட முடியாது" என்று மிகவும் தன்மையாகத்தான் சொன்னாள்.

கடிகாரத்தைக் கேட்காமல் மூளையையே கேட்டு நேரம் தெரிந்துகொள்ள வழி உண்டு. எம்ஆர்ஐயில் ஒரு வகைப் படத்தில் அடைப்பு விழுந்த இடம் சீக்கிரமே வெளுத்துவிடும், இன்னொரு வகையில் வெளுக்க சில மணி நேரமாகும். முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் நாலரை மணிக்குள்தான் என்று அர்த்தம். தூங்கி எழும்போதே ஸ்ட்ரோக்கோடு எழுந்தவர்களை இப்படிப் பிரித்து ஊசி போட்டால் பலன் உண்டு என்று 2018இல் ஐரோப்பாவில் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ பதினோரு மணிக்கு மேல்தான் என்றார்கள். சிடி எடுத்தார்கள், ரத்தக் கசிவு இல்லை. ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, படுக்கை. அப்புறம் அந்த சீட்டு, எடராவோன், சிட்டிகோலின்.

இனி அந்த "ஆமா". கட்டியைக் கரைப்பது குழாய் வேலை. நான் லேபில் தேடிக்கொண்டிருந்தது வேறு, குழாய் திறக்கும் வரை கடைமடையைச் சாகாமல் வைத்திருக்க ஒரு மருந்து. கேட்டால் எளிதாகத்தான் தோன்றும். குளூட்டமேட்தானே வில்லன், லாக்கரை மூடிவிட்டால் போச்சு. 1980களின் கடைசியிலும் 90களிலும் உலகமே அதைத்தான் செய்தது. செல்ஃபோடெல் என்று ஒன்று, எலியில் அருமை. மனிதர்களிடம் மாயக்காட்சி, குழப்பம், மருந்து வாங்கியவர்களிடம் சாவு எண்ணிக்கை கூடுவதுபோலத் தெரியவே ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மயக்க மருந்து கேட்டமின் கூட அதே லாக்கரை மூடும் சாமான்தான், அதனால் ஆச்சரியமில்லை. பேசும் வாயைக் கட்டினால் சண்டை நிற்கும், குடும்பமும் நின்றுவிடும்.

அது மட்டும் காரணமில்லை என்று பின்னால் தெரிந்தது. ஹார்டிங்ஹாம், பேடிங் இருவரும் 2002இல் காட்டியது எனக்கு இன்றும் சிலிர்ப்பான விஷயம். ஒரே என்எம்டிஏ ரிசப்டர், இரண்டு நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸுக்குள் இருந்து திறந்தால் கிரெப் என்ற புரதத்தை எழுப்பி, "பிழைத்துக்கொள்" என்ற சேதியை ஜீன் வரைக்கும் அனுப்புகிறது. சினாப்ஸுக்கு வெளியே இருந்து திறந்தால் அதே கிரெப்பை அணைத்துச் சாகச் சொல்கிறது. வருவது இரண்டிலும் கால்சியம்தான், எந்த வாசல் வழியாக வந்தது என்பதில் இருக்கிறது உயிர். எல்லா வாசலையும் சேர்த்துப் பூட்டிய மருந்துகள், காப்பாற்றும் சேதியையும் சேர்த்தே பூட்டின. அதிலும் முதல் சில மணி நேரம் தாண்டிய பிறகு, பிழைத்த செல்லுக்கு அந்தச் சேதிதான் கஞ்சி.

நேரம்தான் சிக்கல் என்றால் ஆம்புலன்ஸிலேயே கொடுத்துவிடலாமே என்று தெற்கு கலிஃபோர்னியாவில் செய்து பார்த்தார்கள். மருந்தும் ரொம்ப மலிவு, மெக்னீசியம், லாக்கர் வாசலை அடைக்கிற அதே மெக்னீசியம். 1,700 பேர், முக்கால்வாசிப் பேருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஊசி. 2015இல் முடிவு வந்தது, வெறும் உப்புநீர் வாங்கியவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. நான் அப்போது லேபில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காலையில் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மத்தியானம் தட்டுக்கு மெக்னீசியம் போட்டேன், எல்லாம் பிழைத்தது.

மெல்போர்னில் ஒரு குழு 2006இல் உட்கார்ந்து எண்ணியது: ஸ்ட்ரோக்குக்கு என்று சோதித்துப் பார்த்தவை 1,026, அதில் மனிதர்கள் வரை போனவை 114. அதே வருஷம் என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து 1,700 சொச்சம் பேரிடம் லேசாகப் பலன் காட்டி எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள், மறுவருஷம் 3,300 பேரிடம் பார்த்தபோது ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. எலிக்கும் நமக்கும் நடுவே என்னதான் தொலைகிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எனக்குப் பிடித்தது 2020இல் வந்த ஒன்று. எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. நாம் லேபுக்குப் போவது பகலில், அதாவது எலி தூங்கும் நேரத்தில் அதற்கு ஸ்ட்ரோக் வர வைக்கிறோம். மனிதருக்கோ ஸ்ட்ரோக் பெரும்பாலும் விழித்திருக்கும் நேரத்தில். ராத்திரியில் எலிக்குச் செய்து பார்த்தபோது, பகலில் காப்பாற்றிய மருந்துகள் காப்பாற்றவில்லை. கடைமடையே அந்த நேரத்தில் சின்னதாகத்தான் இருந்ததாம். இத்தனை வருஷமும் எல்லாரும் ஆபீஸ் நேரத்தில்தான் எலியைத் தொட்டிருக்கிறோம், நானும்தான்.

இந்தக் கதையில் நான் ஆசை வைத்திருந்தது நெரினெடைடு மேல். டொராண்டோவில் மைக்கேல் டிமியான்ஸ்கி குழு லாக்கரைத் தொடவே இல்லை. லாக்கரையும், அந்த நைட்ரிக் ஆக்சைடு செய்யும் என்சைமையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கும் பிஎஸ்டி-95 என்று ஒரு புரதம் இருக்கிறது, கொக்கி மாதிரி. கொக்கியைக் கழற்றிவிட்டால் கால்சியம் வழக்கம்போல வரும், போகும், பேச்சு நடக்கும், ஆனால் "கொல்" என்ற உத்தரவு மட்டும் என்சைமின் காதில் விழாது. அதற்காக ரிசப்டரின் வாலில் இருக்கிற ஒன்பது அமினோ அமிலங்களை அப்படியே நகலெடுத்து, செல்லுக்குள் நுழைய எச்ஐவி கிருமியின் ஒரு துண்டை முன்னால் ஒட்டி, மொத்தம் இருபது அமினோ அமிலத்தில் ஒரு போலி வால் செய்தார்கள். கொக்கி போலியைப் பிடித்துக்கொள்ளும், அசலை விட்டுவிடும். 2002இல் எலியில், 2012இல் குரங்கில், இரண்டிலும் வேலை செய்தது. இவ்வளவு நறுவிசான வேலையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

கனடாவின் கால்கரியிலிருந்து நடத்தி, எட்டு நாடுகளில் 1,105 பேரிடம் பார்த்த பெரிய ஆய்வு 2020இல் லான்செட்டில் வந்தது. எல்லாருக்கும் கம்பி விட்டுக் கட்டியை வெளியே எடுத்தார்கள், பாதிப் பேருக்கு நெரினெடைடு. மூன்று மாதத்தில் தன் வேலையைத் தானே பார்க்கும் நிலைக்கு வந்தவர்கள் மருந்து வாங்கியவர்களில் 61.4 சதவீதம், வாங்காதவர்களில் 59.2. அதாவது ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் ஒரு கூத்து. கட்டி கரைக்கும் ஊசியும் போட்டவர்களிடம் பலன் துளியும் இல்லை, அந்த ஊசி போடாதவர்களிடம் மட்டும் 59.3க்கு 49.8. கட்டி கரைக்கும் ஊசி உடம்பில் பிளாஸ்மின் என்ற கத்தரியை எழுப்பிவிடும். பிளாஸ்மின் வெட்டுவது லைசீன், ஆர்ஜினீன் இருக்கும் இடத்தில். உள்ளே நுழைய ஒட்டவைத்த அந்த எச்ஐவி துண்டில் பெரும்பாலும் லைசீனும் ஆர்ஜினீனும்தான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்த மேளக்காரனே மாப்பிள்ளையை அடித்துப் போட்ட மாதிரி.

அப்படியானால் ஊசி போடாதவர்களிடம் மட்டும் பார்ப்போம் என்று மறுபடி ஒரு பெரிய ஆய்வு, 2025இல் முடிவு. வித்தியாசம் இல்லை. கனடாவில் ஆம்புலன்ஸிலேயே கொடுத்துப் பார்த்ததும் அதே சமயத்தில் வந்தது, மொத்தமாகப் பார்த்தால் அதிலும் இல்லை. சீக்கிரம் வந்தவர்களில் இந்தப் பிரிவில் ஏதோ தெரிகிறது என்று உள்ளே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். தோண்டட்டும், எனக்கு இந்த மாதிரித் தோண்டல்களில் முன்புபோல ஆர்வமில்லை.

எடராவோனுக்கு வருகிறேன். ஆக்ஸிஜன் திரும்பி வரும்போது கிளம்பும் விஷங்களைத் துடைக்கிற மருந்து, ஜப்பான் 2001லேயே ஸ்ட்ரோக்குக்கு அனுமதித்தது, அங்கே வழக்கமாகவே கொடுக்கிறார்கள். மற்ற பல நாடுகள் கண்டுகொள்ளவில்லை. சிட்டிகோலின் இன்னும் மோசம், 2,298 பேரிடம் பார்த்து 2012இல் பலனில்லை என்று வந்துவிட்டது. நம் ஊரில் இரண்டும் சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. எழுதுகிற டாக்டரை நான் குறை சொல்லத் தயாரில்லை. நேரம் தாண்டி வந்த ஒருவர் முன்னால், வெளியே பத்து சொந்தக்காரர்கள் நிற்கும்போது, "ஆஸ்பிரினைத் தவிரக் கொடுக்க ஒன்றுமில்லை" என்று சொல்லிப் பாருங்கள். நானே சொல்லவில்லையே. அந்த பில் மட்டும் தனியாக எவ்வளவு ஆனது என்று எனக்குத் தெரியும், அத்தை கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனதும் தெரியும், அப்போதும் "ஆமா அத்தை" என்றுதான் சொன்னேன்.

இப்போது மாமா வீட்டில். பிசியோதெரபிப் பையன் ஒரு யோசனை சொன்னான், நாற்காலி முதுகில் சட்டையை மாட்டிவிட்டு வலது கையாலேயே பித்தான் போட வேண்டும் என்று. முதல் வாரம் ஒரு பித்தானுக்கு நாலு நிமிஷம், அதுவும் நாக்கைக் கடித்துக்கொண்டு. போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது ஐந்தும் போட்டார், மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. விரல் துளையைத் தடவி, தவறி, மறுபடி தடவும்போது உள்ளே நடப்பது என்னவென்று எனக்குத் தெரியும். அதே குளூட்டமேட், அதே லாக்கர், சொட்டுச் சொட்டாகக் கால்சியம், செத்தவர்கள் பார்த்த வேலையைப் பிழைத்தவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். "அந்த பவர் மாத்திரை தீர்ந்துபோச்சு பாப்பா, வாங்கணுமா?" என்று கேட்டார். வேண்டாம் மாமா, பித்தான் போடுங்க, போதும் என்றேன். "அதான் நானும் நெனைச்சேன், அதைத் தின்னா வாய்தான் கசக்குது" என்றார்.

அத்தைதான் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள். அடுப்படியில் என்னைத் தனியாக நிறுத்தி, "அஞ்சுன்னு அழுத்திச் சொல்லியிருந்தா அந்த ஊசியப் போட்டிருப்பாங்கல்ல?" என்று கேட்டார்கள், இது எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை. நிஜமாகவே நாலாக இருந்து அஞ்சு என்று சொல்லியிருந்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் அத்தை, அந்த ஊசியை முதன்முதலில் நிரூபித்த 1995 ஆய்வில், அதுவும் மூன்று மணி நேரத்துக்குள் போட்டவர்களிலேயே, நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் அப்படி ஆகியிருக்கிறது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். தலையை ஆட்டினார்கள். "ஆனா பால்வண்டிச் சத்தம் கேட்டுச்சு" என்றார்கள்.

ஹாலில் இருந்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, படுத்த வாக்கில் தெரியும்படி படுக்கையறையில் எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறார்கள், பக்கத்திலேயே ராத்திரி முழுக்க எரிய ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. மாமா புரண்டு படுத்தால்கூட எழுந்து மணி பார்க்கிறார்களாம். காலையில் நான் கிளம்பும்போது யாரும் கேட்காமலே சொன்னார்கள், "ரெண்டு நாப்பதுக்குத் தண்ணி கேட்டாங்க. நல்லாத்தான் பேசினாங்க."